உருப்படி எண் பதினொன்று: சட்டை

முதலில் நிராகரிக்கப்பட்டது என் உள்ளாடை.

ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை, மெதடிஸ்ட் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சாரணர் கொட்டகை. வெளியே ஆலங்கட்டி மழை. உள்ளே நான் காற்சட்டையை முழங்கால்வரை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். மேஜர் பெட்டிஃபர் கையில் பூதக்கண்ணாடியோடு என்னை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இடுப்புல ரப்பர் பட்டி," என்றார். "நாப்பத்து நாலாம் வருஷம் பர்மா பக்கம் ரப்பர் யார்கிட்ட இருந்துச்சு? சொல்லுங்க பாப்போம்."

"தெரியலைங்க."

"ஜப்பான்காரன்கிட்ட. மலாயாத் தோட்டம் மொத்தமும் அவன் பிடியில. அப்போ நீங்க போட்டிருக்கிறது யாரோட ஜட்டி?"

நான் காற்சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துப் பிடித்தேன்.

"எதிரியோட ஜட்டி, ஹோல்ராய்ட்."

பக்கத்தில் அட்டை வைத்துக்கொண்டு நின்ற சார்ஜென்ட் டல்லி எழுதிக்கொண்டார்: உருப்படி ஏழு, தோல்வி.

"உள்ளே போடறதுதானே, வெளியில யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டுவிட்டேன். மேஜர் பூதக்கண்ணாடியை மடக்கிப் பையில் போட்டார்.

"பாக்கறவனுக்குத் தெரியாது. வரலாற்றுக்குத் தெரியும்."

எங்கள் சங்கத்தின் பெயர் பர்மா வாழும் வரலாற்றுச் சங்கம். போரில் பர்மாக் காட்டுக்குள் போன பிரிட்டிஷ் சிப்பாய் என்னென்ன போட்டிருந்தானோ, என்னென்ன சுமந்தானோ, அதையெல்லாம் நூல் பிசகாமல் சேர்த்து, அணிந்துகொண்டு, வருடத்துக்கு ஆறு தடவை பொதுமக்கள் முன்னால் நிற்பது எங்கள் வேலை. சண்டை போட்டுக் காட்டுவது கிடையாது. சண்டை போட்டால் உடை அழுக்காகும். காட்டுப் பயிற்சி நகராட்சிப் பூங்காவின் ரோடோடெண்ட்ரான் புதருக்குள் நடக்கும். நாயோடு நடக்க வரும் பெண்கள் எங்களைப் பார்த்து வேறு பாதையில் போய்விடுவார்கள்.

உறுப்பினர் மொத்தம் இருபத்திரண்டு பேர். அதில் ஒரு மேஜர், இரண்டு கேப்டன், ஐந்து லெப்டினன்ட், எட்டு சார்ஜென்ட், ஐந்து கார்ப்பரல். சிப்பாய் ஒருவன்தான். அது நான். மேஜர் பெட்டிஃபர் வெளியுலகில் இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளர். வீடு எரிந்துபோனவர்களிடம் போய், எரிந்த சோபா அவர்கள் சொல்கிற சோபா அல்ல என்று நிரூபிப்பது அவர் பிழைப்பு. சங்கத்தில் அவர்தான் உண்மைத்தன்மை அதிகாரி. சார்ஜென்ட் டல்லி பல் மருத்துவர்.

நான் ஒரு கம்பள ஆலையின் சாயப் பட்டறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். கொதிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், முழங்கால்வரை ஈரத்தில், ஒரு நாளைக்கு ஒரு நிறம் என்று மூச்சு விட்டவன். திங்கள்கிழமை சிவப்பாகத் துப்புவோம், செவ்வாய்க்கிழமை நீலமாக. ஆலையை மூடினார்கள். இப்போது பிஸ்கட் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறேன். அங்கே நாள் முழுக்க நானும் பிஸ்கட்டும்தான். பத்துப் பேரோடு வரிசையில் நின்று, ஒருவன் அதட்ட, எல்லோரும் சேர்ந்து முணுமுணுக்கிற அந்தச் சுகம் போய்விட்டது. அதைத் தேடித்தான் சங்கத்தில் சேர்ந்தேன். நாட்டுப்பற்று, வரலாறு என்றெல்லாம் விண்ணப்பத்தில் எழுதியது பொய்.

விதி இதுதான். நாற்பத்து மூன்று உருப்படி. மூன்று பரிசோதனை. மூன்றாவதிலும் முழுதாகத் தேறாவிட்டால் வெளியே. ஆகஸ்ட் கண்காட்சியில் வரிசையில் நிற்க முடியாது.

இரண்டாவது பரிசோதனையில் என் மூக்குக் கண்ணாடி போனது. அந்தக் காலத்து எஃகுச் சட்டம்தான் அனுமதி. அது கிடைக்கும்வரை கண்ணாடி இல்லாமல் நில்லுங்கள் என்றார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குக் கைதூரத்துக்கு அப்பால் உலகம் வெந்த முட்டைக்கோஸ். "பரவாயில்ல," என்றார் மேஜர். "காட்டுக்குள்ள அவங்களுக்கும் ஒண்ணும் தெரியல."

அடுத்து நூறு கிலோவாக இருந்த என் எடை போனது. "நாப்பத்து நாலுல பர்மாவுல பதினாறு ஸ்டோன் எடையில ஒருத்தனும் இல்ல," என்றார். அவர் இடுப்பு வார் கடைசி ஓட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. என் பார்வை அங்கே போனதை அவர் கவனித்துவிட்டார். "நான் தலைமையகத்துல இருக்கேன். அங்க ரேஷன் ஒழுங்கா வந்துச்சு." இரண்டு மாதம் டின் மாட்டிறைச்சியும் கெட்டி பிஸ்கட்டும் தின்று இரண்டு ஸ்டோன் இறக்கினேன். பகல் முழுக்கக் கிடங்கில் பிஸ்கட், வீட்டுக்கு வந்தாலும் பிஸ்கட்.

அதற்குப் பிறகு தோல் போனது. மலேரியா மாத்திரை தின்று தின்று அந்தச் சிப்பாய்களின் தோலே மஞ்சளாகிவிட்டதாம். ஆகவே உருப்படி நாற்பத்து மூன்று: மஞ்சள் நிறம், முகத்துக்கும் இரு கைகளுக்கும்.

"மஞ்சளுக்கு எங்க போறது?" என்றேன்.

"முன்முயற்சி, ஹோல்ராய்ட். காட்டுச் சிப்பாயோட முதல் ஆயுதம் அதுதான்."

என் முன்முயற்சி நேராக ரியாசத் வீட்டுக்குப் போனது.

ரியாசத் ஹுசைன் சாயப் பட்டறையில் என் எதிர்ப்பக்கம் நின்றவன். ஒரே தொட்டிக்கு அவன் அந்தக் கரை, நான் இந்தக் கரை. ஆலை மூடியபின் டாக்ஸி ஓட்டுகிறான். அவன் மனைவி ஷமீம் சமையலறையில் மஞ்சள் டப்பாவை எடுத்தபடி கேட்டாள்: "எவ்வளவு வேணும், டெரிக்?"

"முகத்துக்கும் ரெண்டு கைக்கும்."

டப்பா அப்படியே அந்தரத்தில் நின்றது. "எங்க சனங்க கல்யாணத்துக்கு முன்னாடிதான் அப்படிப் பூசுவாங்க. பாலினை விட்டுட்டு எவளைக் கட்டப்போறே?"

விஷயத்தைச் சொன்னேன். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டினான். ரியாசத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பர்மாவா? எங்கப்பா அங்கதாண்டா இருந்தாரு," என்றான்.

"என்னது?"

"ஃபசல் தாத்னு பேரு. இந்தியப் படையில நாயக், உங்க கார்ப்பரல் மாதிரி. நாலு வருஷம். முட்டியில குண்டு வேற."

"பத்தொன்பது வருஷம் ஒரே தொட்டியில நின்னோம். சொல்லவே இல்லையேடா."

"நீ கேக்கவே இல்லையேடா."

மாடிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். பாச்சை உருண்டை வாசனை. உள்ளே ஒரு சட்டை. துவைத்துத் துவைத்து வெளிறிய காட்டுப் பச்சை. கான்பூர் முத்திரை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, ராணுவத்தின் அம்புக்குறி. எங்கள் பட்டியலில் உருப்படி பதினொன்று: இந்தியாவில் தைத்த பச்சைச் சட்டை, அசல் விரும்பத்தக்கது. இருபத்திரண்டு பேரில் எவனிடமும் அசல் கிடையாது. மேஜர் போட்டிருப்பதே நகல்தான்.

ரியாசத் காலரைத் திருப்பிக் காட்டினான். உள்ளே சிவப்பு நூலில், கோணல்மாணலாக, உருதுவில் ஒரு பெயர்.

"அப்பா தச்சது. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ ஒரு குமாஸ்தா பேரை எழுதிக் குடுத்தானாம். பேனா பிடிக்க வரல. ஊசி பிடிக்க வந்துச்சு. ஊர் திரும்பி, சாகற வரைக்கும் பென்ஷன் தாள்ல கைநாட்டுதான் வச்சாரு. வாழ்க்கையில அவர் எழுதின எழுத்து இது ஒண்ணுதான்."

"இதை நான் எப்படிடா…"

"போட்டுக்கோ. அவரு உன்னை மாதிரியே பெருத்த ஆளு, சரியா இருக்கும். உங்க கூத்தைப் பாத்திருந்தா அவரே கழட்டிக் குடுத்திருப்பாரு. காலரை மட்டும் பாத்துக்கோ."

காலரைப் பார்த்துக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை, அதன் அருமை எனக்குத் தெரியாது என்று பிறகு நான் சொல்லமுடியாது. சொல்லியிருந்தான். தெரியும்.

மஞ்சள் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பூசினேன். மூன்று நாள் போகவில்லை. கிடங்கு மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துப் பயந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் ரத்தம் எடுத்து, கல்லீரலை அமுக்கி, எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். அந்த மருத்துவக் குறிப்பின் நகலைச் சங்கம் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டுக் கொட்டகையில் மாட்டியது. முதல்முறையாக என்னைப் பாராட்டினார்கள்.

மூன்றாவது பரிசோதனை ஜூலையில். சட்டையை மேசைமேல் விரித்ததும் கேப்டன்களும் லெப்டினன்ட்களும் சுற்றி நின்று தொப்பியைக் கழற்றினார்கள். மேஜர் முத்திரையைத் தடவிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது. நான் பொய் சொல்லவில்லை. அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று எண்ணி முடித்து, "பதினோரு வருஷமா இதைத்தான் தேடறேன்," என்றார். அப்புறம் காலரைத் திருப்பினார்.

"இது என்ன?"

"பேருங்க."

"யாரோட பேரு?"

"அதைப் போட்டிருந்தவரோட பேரு."

மேஜர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். அதை விளக்க வேண்டும். சங்கத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரு கற்பனைச் சிப்பாய் உண்டு. என்னுடையவன் ஆல்பர்ட் ஸ்டப்ஸ். விதவைத் தாய், ரெக்ஸ் என்று ஒரு நாய். ஸ்டப்ஸுக்கு ஊறுகாய் ஆகாது என்று கோப்பில் எழுதியிருப்பதால் சங்க விருந்துகளில் எனக்கு ஊறுகாய் போடமாட்டார்கள். ஸ்டப்ஸ் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. மேஜர் ஒரு குளிர்காலத்தில் உட்கார்ந்து எழுதியவன் அவன்.

"ஸ்டப்ஸோட சட்டையில வேற ஆள் பேரு எப்படி வந்துச்சு?" என்றார் மேஜர். "ஸ்டப்ஸ் திருடினானா?"

"இல்லைங்க. இது நிஜமாவே அங்க இருந்த ஒருத்தரோட சட்டை. என் கூட வேலை செஞ்சவனோட அப்பா. இந்தியப் படையில…"

"ஹோல்ராய்ட், அவங்க மேல எனக்கு அளவில்லாத மரியாதை. அந்தப் படையில பாதிக்கு மேல அவங்கதான். என் உரையில அதுக்கு ஒரு வாக்கியமே இருக்கு. ஆனா நம்ம காட்சி பிரிட்டிஷ் பிளாட்டூன். நம்ம பட்டியல்ல இந்தப் பேரு இல்ல. இது உண்மைக்குப் புறம்பு."

"பேரு உண்மைதாங்க."

"உண்மைதான். உண்மைத்தன்மை இல்ல."

சுற்றி நின்ற இருபது பேரும் தலையாட்டினார்கள். சார்ஜென்ட் டல்லி குனிந்து பார்த்துவிட்டு, "எடுத்துடலாம், மேஜர். வேர் ஆழமா இல்ல," என்றார். பையைத் திறந்து மெல்லிய கத்தி ஒன்றை என் கையில் வைத்தார். விதிப்படி உறுப்பினர் தன் பிழையைத் தானே திருத்த வேண்டும். "வலிக்காது," என்று பழக்கதோஷத்தில் சொன்னார்.

அந்த நிமிஷம் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வெளியே நடந்திருக்கலாம். கதவு ஆறடி தூரம்தான், பூட்டவும் இல்லை. ஆனால் அவர்கள் என் சட்டையைப் பார்த்துத் தொப்பி கழற்றியிருந்தார்கள். கிடங்கில் பிஸ்கட் எதுவும் எனக்குத் தொப்பி கழற்றியதில்லை.

நூலைப் பிரிக்க இருபது நிமிடம் பிடித்தது. ரியாசத்தின் அப்பா ஒவ்வொரு தையலையும் இரண்டு தடவை முடிந்திருந்தார், அவிழ்ந்துவிடக் கூடாது என்று. சிவப்புத் துணுக்குகள் மேசைமேல் கிடந்தன. டல்லி ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துக் குப்பைக் கூடையில் உதறினார்.

ஆனால் பெயர் போகவில்லை. சாயக்காரனுக்கு இது தெரியும்: வெயிலும் சோப்பும் சுற்றியிருக்கிற துணியை வெளுக்கும், நூலுக்கு அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கும். நூல் இருந்த இடத்தில் அதே எழுத்து, இப்போது கரும்பச்சையில், முன்னைவிடத் தெளிவாக.

மேஜர் நிற அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "இதுவும் போகணும். பச்சை நிறத்துல பதினேழு சாயல் இருக்கு, ஹோல்ராய்ட். அதெல்லாம் கண்ணு பழகினாத்தான் தெரியும்," என்று பத்தொன்பது வருடம் சாயம் போட்டவனுக்குப் பாடம் எடுத்தார்.

வீட்டில் என் மனைவி பாலினின் ஜாம் கிண்டும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"அது ரியாசத்தோட அப்பாதுதானே? அவன்கிட்ட கேட்டியா?"

"கேக்கறேன்."

"எப்போ? முன்னாடியா, பின்னாடியா?"

நான் சாயம் பிடிப்பதற்கான உப்பை அளந்துகொண்டிருந்தேன். அவள் போய்விட்டாள்.

காலரை மட்டும் பதமாக முக்கினேன். மூன்று பச்சையும் ஒரு துளி பழுப்பும். ஊசித் துளைகளை ஆவி காட்டி, விரலால் நீவி மூடினேன். விளிம்பு தெரியாமல் நிறத்தை உடம்புத் துணியோடு கரைத்தேன். விடிகாலை வெளிச்சத்தில் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. அங்கே ஒரு மனிதன் பெயர் இருந்தது என்று எவனாலும் சொல்ல முடியாது. என் வாழ்நாளில் நான் செய்த மிக நல்ல வேலை அதுதான். அந்தப் பெருமை ஒரு நிமிடம் வந்தது. வந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ரியாசத் வீட்டுத் தெரு வழியாக இரண்டு தடவை வண்டியை ஓட்டினேன். இரண்டு தடவையும் நிறுத்த இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் அவனே போன் செய்தான். "நாளைக்கு டாக்ஸி எடுக்கல. நானும் ஷமீமும் வர்றோம்."

"மழை வரும்போல இருக்குடா."

"இந்த ஊர்ல என்னிக்குடா மழை இல்ல? பர்மாவுலயும் மழைதானாம். பொருத்தமா இருக்கும்."

பழைய நீராவி ரயில் நிலையத்தில், போர்க்கால நாற்பதுகளைக் கொண்டாடும் வார இறுதிக் கண்காட்சி. நடைமேடையில் நாங்கள் வரிசையாக நின்றோம். முகம் மஞ்சள், கண்ணாடி இல்லை. எதிரே குடைகள், கலங்கலாக. எங்கோ பன்றி இறைச்சி சுடும் வாசனை. ஒலிபெருக்கியில் மேஜர்.

"அன்பர்களே! இங்கே நீங்கள் பார்ப்பது வேஷமல்ல. மறதிக்கு எதிரான போர். பேரில்லாமல் மறைந்த அந்த எளிய சிப்பாய்களின் பெயரை நாங்கள் காப்பாற்றுகிறோம். எங்கள் பூட்ஸில் ஆணிகள் எத்தனை என்று கேளுங்கள். பதின்மூன்று! எங்கள் உள்ளாடையில் பொத்தான்கள் எத்தனை என்று கேளுங்கள்."

யாரும் கேட்கவில்லை.

"மூன்று! துல்லியம்தான் மரியாதை. தோழர்களை நினைவுகூர வேறு வழி எங்களுக்குத் தெரியாது. இந்தியப் படைவீரர்களுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்." அதுதான் அந்த ஒரு வாக்கியம். "சிப்பாய் ஸ்டப்ஸ், முன்னால் வா!"

மூன்றடி முன்னால் போனேன்.

"இது நகல் அல்ல, அன்பர்களே. அந்தக் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்த சட்டை. கிட்டே வாருங்கள். இதோ முத்திரை. இதோ தையல்." என் கழுத்தில் அவர் விரல் குளிராகப் பட்டது. காலரைத் திருப்பினார். "கழுத்துக்கு உள்ளே, யாருமே பார்க்காத இடத்தில்கூட, பாருங்கள், ஒரு பிழை உண்டா? ஒன்றுமே இல்லை!"

குடைகள் நெருங்கின. அதில் ஒன்று மற்றவற்றைவிடக் கிட்டே வந்து நின்றது. எனக்கு முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"ஒரு கேள்விங்க, சார்."

"தாராளமா கேளுங்க."

"அந்தப் படையில எங்காளுங்க நிறைய இருந்தாங்களே. உங்க வரிசையில ஒருத்தரையும் காணோம்?"

மேஜர் ஒலிபெருக்கியைத் தாழ்த்தினார். உண்மையிலேயே மகிழ்ந்துபோய்விட்டார் மனுஷன். "அதுதாங்க எங்க குறை! ஆளே வர்றதில்ல. உங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சா கோவேறு கழுதைப் பிரிவே தொடங்கிடலாம். கழுதை ஓட்டறவங்க பெரும்பாலும் அவங்கதான். எங்ககிட்ட இன்னும் கழுதை இல்ல, அது வந்துடும். நீங்க சேர்றீங்களா?"

"நானா?"

"முகம் அப்படியே பொருந்துது. மஞ்சள்கூடப் பூச வேணாம். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. உருப்படியெல்லாம் சொந்தமா கொண்டு வரணும். சட்டை இருக்கா உங்ககிட்ட?"

மழை குடைகள்மேல் விழுகிற சத்தம் கேட்டது.

"இருந்துச்சு," என்றான் ரியாசத்.

"அடடா! என்ன பண்ணீங்க?"

"ஒருத்தன்கிட்ட குடுத்தேன்."

"குடுத்திருக்கக் கூடாது. அந்த மாதிரிப் பொருளை நம்பி யார் கையிலயும் குடுக்கக் கூடாது," என்றார் மேஜர், மனப்பூர்வமாக.

நான் பேசியிருக்க வேண்டும். விறைப்பாக நிற்கச் சொல்லியிருந்தார்கள். தளர்வாக நில் என்ற கட்டளை இன்னும் வரவில்லை. கட்டளை வரவில்லை என்பதால் நான் பேசவில்லை. குடை விலகிப் போனது. அதன் பின்னாலேயே ஷமீமுடையதாக இருக்க வேண்டும், இன்னொரு குடை. பத்து நிமிடம் கழித்துச் சிறந்த உடைக்கான பரிசு எனக்கு என்று அறிவித்தார்கள். கை தட்டினார்கள். அந்தக் காலத்து லேபிள் ஒட்டிய ஒரு டின் மாட்டிறைச்சி. வாங்கிக்கொண்டேன். சல்யூட்டும் அடித்தேன்.

திங்கள்கிழமை வேலை முடிந்து ரியாசத் வீட்டுக்குப் போனேன். சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு, பழுப்புத் தாளில் சுற்றியிருந்தேன். தாள் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

ஷமீம் கதவைத் திறந்தாள். நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் போனேன். இத்தனை வருடமும், "அந்த முதலைத் தோலை வெளியிலயே விட்டுட்டு வா," என்று கத்துகிறவள்.

"பரவாயில்ல, கழட்ட வேணாம். அப்படியே வாங்க," என்றாள்.

கம்பளத்தின்மேல் பூட்ஸோடு நடந்தேன். அந்தக் கம்பளம் எங்கள் ஆலையில் நாங்கள் சாயம் போட்டது.

ரியாசத் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். தாளைப் பிரித்தான். சட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காலரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். நாங்கள் பத்தொன்பது வருடம் அப்படித்தான் ஒவ்வொரு நூல்கண்டையும் பிடித்துப் பார்ப்போம். கட்டைவிரலால் உள்பக்கம் மெல்லத் தடவினான், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. திரும்பவும் ஒரு தடவை.

"நல்ல வேலை," என்றான். "பழுப்பு எவ்வளவு போட்டே?"

"ஒரு துளி."

"ம். வேற எவனாலயும் இப்படி எடுக்க முடியாது. சனிக்கிழமை பாத்தவுடனே உன் கைன்னு தெரிஞ்சுபோச்சு."

"அந்த மேஜர் சொன்னாருடா. பட்டியல்ல பேரு இல்லைன்னு…"

"அந்தாளு என்ன வேலை பாக்கறாரு?"

"இன்சூரன்ஸ்."

"நிஜ மேஜர் இல்ல?"

"இல்ல."

ரியாசத் சட்டையை மேசைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நம்ம பட்டறையில எத்தனை மேனேஜர் வந்தான், டெரிக்? ஏழு பேரா, எட்டு பேரா? சம்பளம் குடுத்தவனுங்க. வேலையை விட்டுத் தூக்கற அதிகாரம் இருந்தவனுங்க. ஒருத்தன் சொல்லையாவது நீ கேட்டிருக்கியா? கழிவைக் கால்வாயில விடச் சொன்னான் ஒருத்தன், அவன் முகத்துலயே கையுறையை வீசினே."

"ஆமா."

"வேஷம் போட்டவன் சொன்னதும் கேட்டுட்டே."

"பேரை எழுதிக் குடு. நான் திரும்பத் தச்சுத் தர்றேன். சிவப்பு நூல், அதே சாயல்ல நானே…" என்றேன்.

"வேணாம்," என்றான், அவசரப்படாமல். "நீ தச்சா ரொம்ப நேரா வரும்."

சட்டையை அவன் மடிக்கவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. அது எங்கள் இருவருக்கும் நடுவே கையை விரித்துக்கொண்டு கிடந்தது.

ஷமீம் தேநீர் கொண்டுவந்தாள். இந்த வீட்டில் நான் குடிப்பது கைப்பிடி ஒடிந்த ஒரு நீலக் குவளையில். ஆலையிலிருந்து நானே தூக்கிவந்து கொடுத்தது. வேறு யாருக்கும் அதில் ஊற்றமாட்டார்கள். கழுவாமலே எனக்கு ஊற்றுவாள், கேட்டால், "உனக்கு இது போதும்," என்பாள்.

இன்று தட்டில் பொன்விளிம்பு போட்ட கோப்பை இருந்தது. கண்ணாடி அலமாரியில் பூட்டி, பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் நகராட்சி அதிகாரிகளுக்கும் மட்டும் எடுக்கிற கோப்பை. கீழே அதற்கு ஜோடியான சாசர். பக்கத்தில் இரண்டு பிஸ்கட், ஒன்றன்மேல் ஒன்று படாமல்.

"சர்க்கரை எத்தனை ஸ்பூன் போடட்டும்?" என்று கேட்டாள்.